ஒப்படைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், எங்களிடம் ஒன்றும் வந்து சேரவில்லை

தொழிலாளர் சீர்திருத்தத்துக்காக வெளிநாட்டு நிதியைப் பெற்றுச் செலவிடும் அரசு அதிகாரிகளுக்கும், அந்தத் திட்டங்களை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

உங்கள் திட்டத்தின் நிறைவு அறிக்கை போன வாரம் என் கைக்கு வந்தது. நீங்கள் அனுப்பவில்லை. ஈப்போவில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் கைப்பேசியில் அனுப்பிவைத்தார். அறுபது பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்களின் புகார்களைக் கேட்டு எழுத நீங்கள் திறந்த எங்கள் ஊர் உதவி மையத்தின் படம் இருக்கிறது. மேசைக்குப் பின்னால், சட்டைப் பையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவன் நான். படத்துக்குக் கீழே, திட்டக் காலம் முடிந்ததும் மையம் உள்ளூர்ச் சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது, இப்போது அவர்களே அதை நடத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது நடக்கவில்லை. என் முகத்தைப் போட்டு அதற்குக் கீழே அப்படி எழுதிவிட்ட பிறகு நான் பேசாமல் இருக்க முடியாது.

நடந்தது இதுதான். 2025 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நிதி நின்றுவிட்டது, திங்கள் முதல் திறக்க வேண்டாம் என்று இருந்தது. அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து வேன் வந்தது. இரண்டு இரும்பு அலமாரிகளையும் கணினியையும் ஏற்றினார்கள். அலமாரிக்குள் இருந்த புகார்க் கோப்புகளும் அதோடு போயின. என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். மூன்று பெட்டித் துண்டறிக்கைகளை என் வீட்டில் இறக்கிவைத்தார்கள். வாடகை கட்ட ஆளில்லாததால் இரண்டு மாதத்தில் கடைக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். மையம் இருந்த அந்த மேல்மாடியில் இன்று கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடக்கிறது. துண்டறிக்கைகள் என் வீட்டு அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், ஈரம் குடித்துக் கிடக்கின்றன.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தேன். 1982இல் தோட்ட மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். தோட்டத்தில் டிரஸ்ஸர் என்றால்தான் என்னைத் தெரியும். உங்கள் மையம் 2022இல் திறந்தபோது தன்னார்வலராகப் போனேன். சம்பளம் கேட்கவில்லை. வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் படிவம் நிரப்புவது, தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட வருவது, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, இதுதான் என் வேலை. படிவம் உங்களுடையது. ஆனால் பழைய பழக்கத்தில் நான் தனியாக ஒரு நோட்டும் வைத்திருந்தேன். அதில் 163 பெயர்கள் இருக்கின்றன.

வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். அந்தப் பணமும் அந்த அழுத்தமும் இல்லாமல் சில மாற்றங்கள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 2020இல் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. கட்டாய உழைப்பு நடக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு நவம்பரில் கட்டாய உழைப்புக்கு எதிரான தேசியச் செயல் திட்டம் வந்தது. 2030க்குள் ஒழிப்போம் என்றார்கள். 2022 மார்ச்சில் கட்டாய உழைப்பு பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை மலேசியா ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரி முதல் தொழில் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு ஒரு குற்றமாகச் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர்களும் நிதியும் துணை நின்றதை நான் அறிவேன், நன்றியோடுதான் சொல்கிறேன்.

சரி, கோலாலம்பூரில் எழுதிய சட்டம் எங்கள் லயத்துக்கு எப்படி வந்து சேரும்? அதற்குத்தான் அந்த மேல்மாடி அறை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், செம்பனைக் குலை வெட்டுகிறவர், ஒரு சனிக்கிழமை மாலை படியேறி வந்தார். ஊரில் அப்பா சீரியசாக இருக்கிறார், போய்ப் பார்க்க முடியவில்லை, பாஸ்போர்ட்டை ஆபீசில் வைத்திருக்கிறார்கள் என்றார். கட்டாய உழைப்பு என்ற சொல் அவருக்குத் தெரியாது. அதை அடையாளம் காண அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த பதினோரு அறிகுறிகளும் தெரியாது. ஆனால் அடுத்தவர் கடப்பிதழை எடுத்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம் என்று நான் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. மையத்திலிருந்து கடிதம் போனது. ஒன்பதாம் நாள் கடப்பிதழ் கையில் கிடைத்தது. அப்பாவை உயிரோடு பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மையம் நன்றாக நடந்ததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. சனி மாலையும் ஞாயிறும் திறந்திருந்தது. தமிழ் பேச நான் இருந்தேன். வங்காள மொழிக்கு ஒருவர், நேப்பாளிக்கு ஒருவர், வாரம் ஒருமுறை வந்தார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம். இவ்வளவுதான்.

பூட்டிய பிறகு நடந்ததையும் கேளுங்கள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்காளதேசத் தொழிலாளர் ஒருவர் விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கான ரசீது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றின் அசலும் எங்கள் கோப்பில்தான் இருந்தன. நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருவோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கியவன் நான். உடைந்த மலாயில், என் காகிதம் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்கள் எண்ணுக்கு அழைத்தேன், அது இயங்கவில்லை. மின்னஞ்சலை மகள் எழுதினாள், இரண்டு முறை. பதில் இல்லை. அவருடைய ரசீதை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும்போது, கடப்பிதழை வைத்துக்கொண்டவர்களை நான் எந்த வாயால் கேள்வி கேட்பது?

நிதியை நிறுத்தியவர்கள் மீது எனக்கு வழக்கில்லை. அது அவர்கள் நாட்டு மக்களின் வரிப்பணம். 2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை பல நாடுகளுக்குத் தந்துவந்த தொழிலாளர் நல மானியங்களை ரத்து செய்ததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். ஆட்சி மாறினால் அவர்கள் மனமும் மாறும். அது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் கேள்வி உங்களிடம்தான். மூன்று ஆண்டு நிதி என்று கையெழுத்துப் போட்ட அன்றே, நான்காம் ஆண்டு இந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று ஏன் கேட்கவில்லை?

இதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால் வெளிநாட்டு உதவியை இந்த நாடு நன்றாகப் பயன்படுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது லயத்துக்கு மருந்து அடிக்க ஆட்கள் வருவார்கள். அம்மா அரிசிப் பானையையும் சாமி படத்தையும் முதலிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவார். சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும், தொட்டால் அடி விழும். மலேரியாவுக்காக அடித்த மருந்து அது. 1960களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு சிலாங்கூரில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டு 1967இல் தீபகற்பத்துக்கான தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தை நம் அரசே தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு தகட்டில் கிருமி தெரிந்தால் போதும், மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து நிற்பார். எந்த லயம், எத்தனையாவது கதவு, போன மாதம் காட்டுப் பக்கம் போனாரா, பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று துருவித் துருவிக் கேட்பார். மழையிலும் வந்திருக்கிறார். என்னிடம் தேநீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறார்.

அவருக்குச் சம்பளம் தந்தது நம் சுகாதார அமைச்சு. அவர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்தார். தொடக்கத்தில் வழிகாட்டிய வெளிநாட்டு நிபுணர்கள் எந்த ஆண்டு கிளம்பிப் போனார்கள் என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் பரவும் மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை இன்னும் இருக்கிறது, அதையும் அதே துறை ஆட்கள்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

மலேரியாவுக்குச் செய்ததைத் தொழிலாளர் நலனுக்கு ஏன் செய்யக்கூடாது? இதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது. வெளிநாட்டு நிதியில் தொடங்குங்கள். எது வேலை செய்கிறது என்று பாருங்கள். வேலை செய்வதை எடுத்து நம் சொந்த அலுவலகத்தில், நம் சொந்த வரவுசெலவில், நிரந்தரப் பதவியாக வையுங்கள்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதை எப்போதுமே நம் நாடுதான் முடிவு செய்திருக்கிறது. 1968இல் பகாங்கின் ஜெங்கா முக்கோண நிலத்திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. காடு திருத்தி, குடியேறியவர்களுக்கு வீடும் நிலமும் கிடைக்க அந்தப் பணம் உதவியது. அது நல்ல காரியம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலகட்டத்தில், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் போய் நின்ற எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த பதில், தோட்டம் தனியார் நிலம் என்பதுதான். கிராம மேம்பாட்டுப் பணம் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த வேலியை உலக வங்கி போடவில்லை.

அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான், எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நம் நாட்டுப் பணத்தில் மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். நாள் கூலி மூன்று வெள்ளியைச் சுற்றி இருந்த காலம். என் அப்பா கட்டினார். அம்மா சண்டை போட்டார், அப்புறம் அவரும் ஒத்துக்கொண்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியபோது அப்பா அதைத் தன் தோட்டம் என்றே சொல்லுவார். அந்தத் தோட்டத்தை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பத்து வெள்ளிக்கு எங்களுக்கு ரசீது வந்தது. எங்கள் பெயரைச் சொல்லி வந்த வெளிநாட்டு நிதிக்கு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. எங்கள் ஊருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், வாடகை எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, ஆலோசகர்களுக்கு எவ்வளவு என்று மையத்திலேயே மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது.

பயிற்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஈப்போவில் ஓர் ஓட்டலில் இரண்டு நாள் நடந்தது. 2005ஆம் ஆண்டு பாரிஸ் பிரகடனத்தைப் பற்றி ஒரு காலை முழுக்கப் பாடம் எடுத்தீர்கள். உதவி பெறும் நாடே சீர்திருத்தத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும், உதவி அந்த நாட்டின் சொந்த நிர்வாக அமைப்புகள் வழியாகப் போக வேண்டும், விளைவை அளந்து பார்க்க வேண்டும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னீர்கள். நல்ல பாடம். நான் கவனமாக எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அறையில் தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.

துண்டறிக்கையையும் சொல்ல வேண்டும். என் அஞ்சடியில் இருக்கும் மூன்று பெட்டிகளில் இரண்டு ஆங்கிலமும் மலாயும். ஒன்று தமிழ். அந்தத் தமிழை நான் ஐந்து பேரிடம் படிக்கச் சொல்லிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் யாராலும் போக முடியவில்லை. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டிருந்தால் ஒரு மாலையில் திருத்திக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொரு குறை எனக்கு மிகவும் உறுத்தியது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தவர், லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் புழு வருகிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். தொழிலாளர் குடியிருப்புக்கு 1990லேயே சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்தி, 2020 ஜூன் முதல் இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். டிரஸ்ஸராக இருந்தபோது வாரம் ஒருமுறை லயங்களைச் சுற்றிப் பார்த்து நானே அறிக்கை எழுதியவன். ஆனால் உங்கள் படிவத்தில் பாட்டியின் புகாரை எழுத இடமில்லை. திட்டம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டும், அவர் இலக்குக் குழுவில் வரமாட்டார் என்று சொன்னார்கள். பக்கத்துக் கதவில் இருக்கும் நேப்பாளத் தொழிலாளரும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார். இவர் புகார் எழுதலாம், அவர் எழுதக்கூடாது. நிதி கொடுத்தவர்கள் போட்ட வரம்பு அது என்றால், மீதியை நம் அரசுப் பணம் ஈடுசெய்திருக்க வேண்டும். சீர்திருத்தம் நாட்டுடையது என்றால் அதற்கு அர்த்தம் அதுதானே?

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் 1980 முதல் நாமே மற்ற நாட்டு அதிகாரிகளை வரவழைத்துப் பயிற்சி தருகிறோம். உதவி கொடுக்கிற நாடு நாம். இன்று குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மூன்று மொழிபெயர்ப்பாளர்களின் சம்பளமும் ஒரு மேல்மாடி அறையின் வாடகையும் இந்த நாட்டால் கட்ட முடியாத தொகை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இவைதான்.

முதலில் கோப்புகள். எங்கள் ஊரிலிருந்து எடுத்துப்போன எல்லாக் கோப்புகளும் இப்போது எங்கே, யார் பொறுப்பில் இருக்கின்றன என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். அசல் காகிதங்களை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு புகாரும் எந்த நிலையில் நிற்கிறது என்று அவரவர் மொழியில் தெரிவியுங்கள். சிலர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களின் முகவரியும் தொடர்பு எண்ணும் என் நோட்டில் இருக்கின்றன. அவர்கள் சம்மதத்தோடு உதவுகிறேன். ஆனால் நோட்டை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

அறிக்கையைத் திருத்துங்கள். ஒப்படைக்கப்பட்டது என்ற வரியை எடுத்துவிட்டு, மூடப்பட்டது என்று எழுதுங்கள். அதை நிதி கொடுத்தவர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த நிதிக்கு அந்த அறிக்கையைக் காட்டித்தான் கேட்கப்போகிறீர்கள் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. திருத்தாமல் கேட்பதாக இருந்தால் என் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

2021 முதல் 2025 வரையிலான செயல் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. இனி எந்த வெளிநாட்டு நிதிக்குக் கையெழுத்துப் போட்டாலும், நிதி நின்ற மறுமாதம் அந்தப் பணியை எந்த அரசு அலுவலகம், எந்த ஒதுக்கீட்டிலிருந்து தொடரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால் அந்தத் திட்டத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். தோட்டங்கள் உள்ள மாவட்டங்களின் தொழிலாளர் அலுவலகங்களில் தமிழ், வங்காளம், நேப்பாளி பேசும் மொழிபெயர்ப்பாளர்களை நிரந்தரப் பதவியில் அமர்த்துங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, அது ஞாயிறாக இருக்கட்டும், அலுவலகம் திறந்திருக்க வேண்டும். உள்ளூர்த் தொழிலாளி, வெளிநாட்டுத் தொழிலாளி, ஓய்வுபெற்றவர் என்று பார்க்காமல் தோட்டத்தில் குடியிருக்கும் எவரும் அங்கே புகார் எழுத முடிய வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று வந்த தொகையின் கணக்கைத் தமிழிலும் மலாயிலும் வெளியிடுங்கள். அடுத்த திட்டத்தை வகுக்கும் குழுவில் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கூட்டத்தை ஓட்டலில் வைக்காமல் தோட்டத்து மண்டபத்தில் வையுங்கள். வேலை நாளில் வைத்தால் வருகிறவர்களின் அன்றைய கூலியைக் கொடுங்கள்.

ஏஜெண்டுக்குக் கட்டிய ரசீதைத் தேடி வந்த அந்த வங்காளதேசத் தொழிலாளரின் ஒப்பந்தம் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம். அவருடைய காகிதங்களை மட்டும் இந்த வாரமே தேடி எடுத்து அனுப்புங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது, அந்த மூன்று பெட்டிகளையும் இறக்கிவைத்த அதே வீடுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்
சுங்கை சிப்புட், பேராக்